மருந்தென்று எழுதுமுன் சரக்கு சுத்தமா என்று பார்ப்போம்

சில வருடங்களாக நமது கடைகளில் தொங்கும் சரக்குத் தூள் பக்கற்றுகளைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். முன்னர் பக்கற்றில் பொருளின் பெயரும் நிறையும் விலையும்தான் இருந்தன. இப்போது மஞ்சள் தூள் புற்றுநோயைத் தடுக்கும் என்கிறது. கறுவாத் தூள் சீனி வருத்தத்தைக் குணப்படுத்தும் என்கிறது. மிளகு கொழுப்பைக் கரைக்கும், கராம்பு பல்வலியைப் போக்கும், இஞ்சித் தூள் இதயத்தைக் காக்கும். கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அந்தச் சின்ன லேபலில் இடம் போதாமல் நோய்களின் பட்டியல் பின்பக்கத்துக்கும் போய்விடுகிறது.

லேபல் அச்சிடும் ஒருவர் அண்மையில் என்னிடமும் மாதிரிகளோடு வந்தார். "ஹாஜியார், இந்த ரெண்டு வரியப் போட்டாப் போதும், ஐம்பது கிராம் பக்கற்ற நூறு கிராமுட விலைக்கு விக்கலாம்" என்றார். வியாபாரக் கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது பிழையல்ல, அப்படி விற்பவர்கள் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அதற்கான காரணத்தைச் சக வியாபாரிகளோடு பேசிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த வாரக் கட்டுரையின் நோக்கம்.

சரக்குகளில் சுகம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தடிமன் பிடித்தால் மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்காத வீடு இந்த நாட்டில் எந்தச் சமூகத்திலும் இல்லை. குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதை வைத்திய ஆய்வுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கேள்வி என்னவென்றால், சமையலில் சேர்க்கும் அளவுக்கும் மருந்தாக வேலை செய்யும் அளவுக்கும் இடையில் எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தை மறைத்து நாம் எதை விற்கிறோம் என்பதுதான்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள பயன்தரும் பொருள் என்று சொல்லப்படுவது குர்குமின். நல்ல மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும். ஒரு கறிக்குப் போடும் அரைத் தேக்கரண்டித் தூளில் ஐம்பது மில்லிகிராம் கூடத் தேறாது. ஆய்வுகளில் கொடுக்கப்பட்டதோ பெரும்பாலும் ஐந்நூறு, ஆயிரம் மில்லிகிராம் என்ற கணக்கில். அதுவும் உடம்பில் இலகுவில் சேர்வதில்லை. 1998இல் பெங்களூரில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அது இரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடியது. மஞ்சளையும் மிளகையும் ஒன்றாகச் சேர்க்கும் நமது சமையலுக்கு இது நல்ல செய்தி என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் பைபரின் இதைச் செய்வது ஈரலின் வேலையைச் சற்றுத் தடுத்து வைப்பதன் மூலமாகத்தான். அதே தடையினால் வேறு சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடுகிறது. மஞ்சள் சாரத்தைக் குளிசையாக நாட்கணக்கில் விழுங்கி ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். கறிக்குப் போட்ட மஞ்சளால் அப்படி யாருக்கும் வந்ததாகச் சொல்லப்படவில்லை. கறியில் உணவாக இருப்பது குளிசையில் வேறொன்றாகிவிடுகிறது.

கறுவாவின் கதை நமக்கு இன்னும் முக்கியமானது, ஏனென்றால் அது நம் நாட்டுப் பொருள். சீனி வருத்தத்துக்குக் கறுவா என்ற பேச்சு உலகமெங்கும் பரவியதற்குப் பெரிய காரணம் 2003இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வொன்று. அறுபது நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஒரு கிராம், மூன்று கிராம், ஆறு கிராம் என்று நாற்பது நாட்கள் கறுவா கொடுத்துப் பார்த்ததில், வெறும் வயிற்றுச் சீனி 18 முதல் 29 வீதம் வரை குறைந்ததாக அதில் சொல்லப்பட்டது. நல்லதுதான். ஆனால் பின்னர் மற்றவர்கள் செய்து பார்த்தபோது சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. 2012இல் பத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கொக்ரேன் அறிக்கை, நீரிழிவுக்குக் கறுவாவைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

இங்கே இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பாகிஸ்தான் ஆய்வில் கொடுக்கப்பட்டது நமது கறுவாவே அல்ல. அது கசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்ற தடித்த பட்டை. அதன் ஆய்வை எடுத்து நம் பக்கற்றில் ஒட்டுவது வேறொருவருடைய பரீட்சைப் பெறுபேற்றை நம் பிள்ளையின் பெயரில் காட்டுவது போன்றது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கறுவா வியாபாரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நமது கறுவா கடதாசி போன்ற மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டுப் போல இருக்கும், கையால் நொறுக்கலாம். கசியா ஒரே தடித்த பட்டை, இரு ஓரமும் உள்நோக்கிச் சுருளும், உடைக்கக் கல் வேண்டும். தூளாக்கிவிட்டால் மட்டும் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். அந்தத் தூளில்தான் பிரச்சினை. கசியாவில் கூமரின் என்றொரு பொருள் தாராளமாக இருக்கிறது. அது அளவுக்கு மிஞ்சினால் சிலருடைய ஈரலைத் தாக்கும். இலங்கைக் கறுவாவில் அது பேருக்குத்தான் உண்டு. ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் கூமரின் எடுக்கலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை வகுத்த எல்லை. ஜேர்மனியின் அரச நிறுவனம் இதைச் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் தினமும் எடுக்கக்கூடிய கசியாத் தூள் இரண்டு கிராம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் கடையில் பட்டையாக அல்ல, தூளாக வாங்கிப்போகும் ஒரு வயதான தாய், பக்கற்றில் எழுதியிருப்பதை நம்பிக் காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி என்று வருடக்கணக்காகக் குடிக்கிறார். அந்தத் தூள் கசியாவாக இருந்தால் அவர் தினமும் எல்லையைத் தாண்டுகிறார். போன நோன்புக்கு முன்னர் அப்படி ஒரு பெரியம்மா என் கடைக்கு வந்து, "மகன், இதக் குடிச்சா இனி குளிச போடத் தேவல்ல தானே?" என்று கேட்டார். பத்து வருடமாகக் கிளினிக் போகிறவர். வேறொரு கடையில் வாங்கிய பக்கற்றையும் கையில் வைத்திருந்தார். "உம்மா, குளிசய நிப்பாட்ட வேணாம், டொக்டரக் கேக்காம ஒண்டும் செய்ய வேணாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சந்தோஷமில்லை. பக்கற்றில் அச்சடித்திருப்பதை விடக் கடைக்காரன் வாயால் சொல்வது பெரிதா என்ற பார்வைதான் பார்த்தார்.

நாம் கசியாவைத் தூளாக்கிக் கறுவா என்று விற்றால் அந்தத் தாய்க்கு மட்டும் நட்டமல்ல. 2022 பெப்ரவரியில் "சிலோன் கறுவா" என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கையின் ஒரு பொருளுக்கு அங்கே கிடைத்த முதலாவது அங்கீகாரம் அது. அங்கே பேக்கரிப் பண்டங்களில் கூமரினுக்குச் சட்டப்படி எல்லை உண்டு. டென்மார்க்கில் 2013 இறுதியில் கறுவா பணிஸ் செய்பவர்கள் இதனால் பெரிய சர்ச்சையில் மாட்டிக்கொண்டார்கள். கூமரினுக்குப் பயந்து நல்ல விலை கொடுத்து நம் கறுவாவைத் தேடி வாங்குகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். அல்பா, சீ-5 என்று உரித்துக் கட்டும் காலி, மாத்தறைத் தொழிலாளியின் கைத்திறனோடு இந்தக் காரணமும் சேர்ந்துதான் நமக்கு அந்த விலையைத் தருகிறது. நோயைக் குணப்படுத்தும் என்ற ஆதாரமில்லாத வசனத்தை விட, "இது இலங்கைக் கறுவா, கசியா கலக்கவில்லை" என்ற உண்மையான வசனம் வியாபாரத்துக்கும் பெறுமதியானது. அதை எழுதுபவர்கள்தான் குறைவாக இருக்கிறார்கள்.

இனி சுகத்தை விட்டு நஞ்சுக்கு வருகிறேன். சரக்குகளால் மனிதனுக்கு என்ன நன்மை என்று பேசுமுன் சரக்கு வழியாக மனிதனுக்குள் என்ன போகிறது என்று பார்க்க வேண்டிய காலம் இது.

பங்களாதேஷில் 1980களில் வெள்ளம் வந்து மஞ்சள் கிழங்குகள் நிறம் மங்கிப்போயின. மங்கிய கிழங்கை யாரும் வாங்கவில்லை. அப்போது கிழங்கைத் தேய்த்து மெருகூட்டுபவர்கள் லெட் குரோமேற் என்ற மஞ்சள் நிறச் சாயத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அது ஈயம். பெயின்ற் செய்யப் பயன்படுவது. வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் வடியவில்லை. கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு என்று தேடிப்போன ஆய்வாளர்கள் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019இல் அது வெளியானது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பாதித்ததை மீட்டெடுக்க முடியாது.

அடுத்து நடந்ததுதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது. அந்நாட்டு அரசு டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்குள் புகுந்து, ஈயமுள்ள மஞ்சள் விற்ற இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு எல்லோரும் பார்க்கத் தண்டம் விதித்தது. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அது வந்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் அது பூச்சியம். இரண்டே வருடம். பல தசாப்தப் பழக்கம் இரண்டு வருடத்தில் ஒழிந்தது. மொத்தச் சந்தையில் உள்ள சில கைகள் வேண்டாம் என்றால் நாடு முழுவதும் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நமது நான்காம் குறுக்குத் தெருவும் அப்படியான ஒரு சந்தைதான்.

கறுவாவிலும் இது நடந்தது. 2023 ஒக்டோபரில் அமெரிக்காவில் சிறு பிள்ளைகளுக்கான அப்பிள் கூழ்ப் பக்கற்றுகள் திரும்பப் பெறப்பட்டன. சேர்த்திருந்த கறுவாத் தூளில் ஈயம். தூளின் இரண்டு மாதிரிகளில் பத்து இலட்சத்துக்கு 5,110 பங்கும் 2,270 பங்கும் இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. சர்வதேச உணவுத்தர ஆணைக்குழு அப்போது பரிசீலித்துக்கொண்டிருந்த உச்ச எல்லையோ 2.5. நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கெடுக்கப்பட்டது. நமக்கு நெஞ்சு பதறும் செய்தி என்னவென்றால், அந்தத் தூள் அரைக்கப்பட்ட கறுவாப் பட்டை இலங்கையிலிருந்து போனது! நல்ல வேளையாக, ஈக்குவடோர் நாட்டு அதிகாரிகள் அரைக்காத பட்டையைப் பரிசோதித்தபோது அதில் ஈயக் கலப்பு இருக்கவில்லை. கலந்தது அங்கே, அரைக்கும் இடத்திற்கு வந்த பிறகு. பட்டை சுத்தம் என்பதற்குச் சோதனை அறிக்கை இருந்தபடியால் நம் நாட்டின் பெயர் தப்பியது. அறிக்கை இல்லாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்?

நம் நாட்டில் நடக்காததா என்றால், 2020ஐ மறந்துவிட முடியாது. மஞ்சள் இறக்குமதிக்குத் தடை இறுகிய நேரத்தில் கொரோனாவும் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், குடித்தார்கள். விலை பல மடங்கானது. மன்னார், கற்பிட்டிப் பக்கம் படகில் வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்த செய்தி அடிக்கடி வந்தது. கோதுமை மாவும் அரிசி மாவும் கலந்த மஞ்சள் தூளைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கைப்பற்றியது. மாவு கலந்தால் வயிறு கெட்டுவிடாது என்று நியாயம் பேசியவர்களை நான் சந்தையிலேயே கேட்டிருக்கிறேன். மாவு கலந்தால் நிறம் வெளிறும். வெளிறிய நிறத்தைச் சரிக்கட்ட ஏதாவது சாயம் வேண்டும். நஞ்சு அந்த இரண்டாவது படியில்தான் வருகிறது. அதே வருடம் டிசெம்பரில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததையும், அதைக் குடித்துக் காட்டிய அமைச்சர்களுக்கே அடுத்த மாதம் தொற்று ஏற்பட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். அச்சத்தில் இருக்கும் மக்களுக்கு மருந்தென்று எதைச் சொன்னாலும் விற்கும். அதனால்தான் சொல்லாமல் இருப்பது வியாபாரியின் பொறுப்பாகிறது.

மிளகாயில் சாயத்தை விட எனக்குப் பெரிய பயம் பூஞ்சணம். சரியாகக் காயாத செத்தல் மிளகாயிலும் இஞ்சியிலும் சாதிக்காயிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரல் புற்றுநோய்க்குக் காரணமானது. கண்ணுக்குத் தெரியாது, அடுப்பில் வேகவைத்தாலும் முழுமையாக அழியாது. ஐரோப்பாவில் இதன் கடுமையான வகையான பீ-1 கிலோவுக்கு ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். ஆகவே கருகிய, பூத்த மிளகாயைப் பொறுக்கி ஒதுக்கியதும் அது குப்பைக்குத்தான் போக வேண்டும். சில இடங்களில் அது மலிவு விலையில் அரைக்கும் மில்லுக்குப் போகிறது என்பது நம் தொழிலில் இரகசியமல்ல. நிறைக்காகத் தண்ணீர் தெளித்து மூட்டை கட்டுவதும் அப்படியே. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆப் பிரசங்கங்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம். அது வெறும் நிறை மோசடி என்றுதான் விளங்கி வைத்திருக்கிறோம்.

மிளகில் பப்பாசி விதை கலப்பது பழைய கதை, தண்ணீரில் போட்டால் பப்பாசி விதையும் சப்பை மிளகும் மிதக்கும். அதைப்பற்றி நீட்டத் தேவையில்லை.

கருஞ்சீரகம் பற்றி ஒரு வார்த்தை. அதன் சிறப்பைச் சொல்லும் ஹதீஸை அறியாத முஸ்லிம் இல்லை. அந்த நம்பிக்கை மக்களுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. ஆனால் அந்த ஹதீஸைப் போத்தலில் அச்சடித்து, உள்ளே மலிவான வேறு எண்ணெயைக் கலந்து விற்பவர்களை என்னவென்று சொல்வது? மார்க்கத்தின் பெயரை லேபலில் போடுகிறவர், போத்தலுக்குள் இருப்பதற்கு மற்றவர்களை விட அதிகம் பதில் சொல்ல வேண்டியவர்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவைப் பற்றிப் பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விதத்தில் லேபல் இடுவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பக்கற்றை எடுத்துக்கொண்டு போனால் வழக்கு அச்சடித்தவர் மீது மட்டுமல்ல, விற்ற கடைக்காரன் மீதும் வரலாம். "கொம்பனிக்காரன் போட்டுத் தந்தது" என்பது நீதிமன்றத்தில் எடுபடும் என்று நினைக்காதீர்கள்.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். மஞ்சளும் மிளகாயும் கறுவாவும் தூளாக வாங்குவதில்லை, முழுதாக வாங்கிக் கண்முன் அரைக்கிறேன். கண்ணைப் பறிக்கும் மினுக்கமுள்ள மஞ்சள் கிழங்கைத் தொடுவதில்லை. நல்ல கிழங்கின் தோல் மங்கலாகத்தான் இருக்கும், முறித்தால் உள்ளே நிறம் இருக்கும். வெளியே உள்ளதைவிட உள்ளே வெளிறியிருந்தால் சந்தேகம். மஞ்சள் தூளில் மாவு இருக்கிறதா என்று அயடின் விட்டுப் பார்க்கும் சிலர் இருக்கிறார்கள். மஞ்சளிலேயே மாச்சத்து உண்டு, அந்தச் சோதனை உதவாது. ஈயத்துக்கு வீட்டுச் சோதனை எதையும் நம்ப வேண்டாம். மிளகு ஈரப்பதம் 12 வீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறேன், அதற்கான மீற்றர் ஒன்று மேசையில் இருக்கிறது. யாரிடம், எந்தத் திகதியில், எந்த மூட்டை என்று புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். பக்கற்றில் பொருளின் பெயர், எந்த ஊர்ச் சரக்கு, அரைத்த திகதி. வேறொன்றும் இல்லை.

இதனால் என் தூள் பக்கத்துக் கடையை விடக் கிலோவுக்கு விலை கூடத்தான். அதை மறைக்கவில்லை. வாடிக்கையாளரில் சிலர் போய்விட்டார்கள், ஹோட்டல்காரர்கள் முக்கியமாக. வீட்டுக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் நின்றார்கள்.

ஆய்வுகூடச் சோதனைதான் தனிக் கடைக்குப் பாரம். ஒரு மாதிரியில் ஈயம், அப்லடொக்சின் இரண்டும் பார்க்கக் கட்டணம் சிறிதல்ல, ஒவ்வொரு மூட்டைக்கும் செய்யச் சிறு வியாபாரியால் முடியாது. ஆனால் ஒரே இறக்குமதியாளரிடம், ஒரே தோட்டத்துத் தரகரிடம் பத்துக் கடைகள் வாங்குகிறோம். அந்தப் பத்துக் கடையும் சேர்ந்தால், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மாதிரி எடுத்துக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பிக் கட்டணத்தைப் பங்கிடலாம். அறிக்கையின் பிரதியைக் கடையில் மாட்டலாம். தவறிய தொகுதியைப் பத்துக் கடையும் திருப்பியனுப்பினால் அடுத்த முறை தரகர் கவனமாக இருப்பார். நோன்பு மாதத்துக்கான மஞ்சள், மல்லி, மிளகாய்க் கொள்வனவு தொடங்குமுன் இதற்குச் சம்மதிப்பவர்கள் என்னோடு பேசலாம். முதல் மாதிரியை என் கடை மூட்டையிலிருந்தே எடுப்போம்.